தாத்தாவின் டிரங்குப் பெட்டிகள்: யார் கையெழுத்துப் போட வேண்டும்?

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விஷயம் இதுதான்.

அவருடைய தாத்தா ஊர்க் கர்ணம், அதாவது கிராமக் கணக்கர். 1980இல் அரசு பழைய கர்ணம், மணியம் பதவிகளை ஒழிக்கும்வரை வேலையில் இருந்தவர். 1987இல் உயில் எழுதாமல் காலமானார். பாட்டி அவருக்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் நான்கு பேர். மூத்தவர் பெரியப்பா, எண்பதைத் தாண்டியவர். அடுத்து இரண்டு அத்தைகள். கடைசிப் பிள்ளையான வாசகியின் அப்பா இப்போது இல்லை. அம்மாவும் ஒரு தம்பியும் இருக்கிறார்கள். பூர்வீக வீட்டுக்கு விலை பேசி முன்பணம் வாங்கியாயிற்று. வாங்குபவர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்.

பரணிலும் இரண்டு டிரங்குப் பெட்டிகளிலும் இருப்பவை: 1946இல் தொடங்கும் டயரிகள், கட்டுக் கட்டாகக் கடிதங்கள் (ஒரு தமிழறிஞர் தாத்தாவுக்கு எழுதியவையும் அவற்றில் உண்டு), குடும்பத்தின் பண்ணைக் கணக்குப் பேரேடுகள், சில ஓலைச்சுவடிகள், ஊர்ப் பஞ்சாயத்தில் சொன்ன தீர்ப்புகளை எழுதிவைத்த நோட்டு, திருவிழா அழைப்பிதழ்கள், நாடக நோட்டீஸ்கள், போட்டோக்கள், வேறு ஆட்களின் அடமானப் பத்திரங்கள், அரசு முத்திரையுள்ள சில கிராமக் கணக்குகள், 'நம் ஊர் சரித்திரம்' என்று தாத்தா கைப்பட எழுதிய தடித்த நோட்டு ஒன்று.

மூன்று பேர் கேட்கிறார்கள். சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தின் ஆவணப் பிரிவு, அரைப்பக்கப் படிவம் ஒன்றை அனுப்பிக் கையெழுத்துக் கேட்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், எல்லாவற்றையும் தங்கள் நூலகத்துக்கு எடுத்துச் சென்று பாதுகாப்பதாகச் சொல்கிறார். பழம்பொருள் வியாபாரி ஒருவர் ஓலைகள், பழைய முத்திரைத்தாள்கள், போட்டோக்கள் மட்டும் போதும், கையோடு ரொக்கம் என்கிறார். தம்பிக்கு வியாபாரி பக்கம் சாய்வு. சின்ன அத்தையோ, டயரிகளை எரித்துவிடு என்று அழுகிறார். அவருடைய முதல் கல்யாணம் முறிந்த கதை அதில் இருக்கிறது.

வாசகி கேட்பது: "சாவி என்னிடம்தான் இருக்கிறது. அத்தைகள் 1989க்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்கள், அவர்களுக்குப் பங்கில்லை என்கிறார்கள். நானே முடிவெடுக்கலாமா? எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுக் காகிதத்தைக் கழித்துவிட்டால் என்ன? அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் எல்லாக் குடும்ப ரகசியமும் ஊருக்குத் தெரிந்துவிடாதா? பிடிக்காவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா?"

சகோதரி, ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறீர்கள். எதையும் கழிக்காமல், யார் எதை எப்போது பார்க்கலாம் என்பதை எழுத்தில் கட்டுப்படுத்தினால் உங்கள் கவலைகளில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். அதற்கு முன் உரிமை யாருடையது என்பதைச் சரிசெய்துகொள்வோம்.

சாவி வைத்திருப்பவர் சொந்தக்காரர் ஆகமாட்டார்

அத்தைகளைப் பற்றி உங்களுக்குச் சொன்னது தவறு. டெல்டாப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இதைக் கேட்கிறேன். 1989ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை கொடுத்தது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தாது என்றது. உங்கள் தாத்தாவின் டயரியும் கடிதமும் கூட்டுக்குடும்பச் சொத்தல்ல, அவருடைய சொந்தப் பொருள். உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சொந்தச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. எந்த வருஷம் தாலி கட்டினார்கள் என்பது அங்கே பொருட்டே இல்லை.

ஆகவே கணக்கு இப்படி: பெரியப்பாவுக்கு கால், அத்தைகளுக்கு ஆளுக்குக் கால், உங்கள் அப்பாவின் கால் பங்கு அம்மாவுக்கும் உங்களுக்கும் தம்பிக்கும். ஓலைச்சுவடிகள் தாத்தாவுக்கு முந்திய தலைமுறையிலிருந்து வந்தவை என்றால் பங்குக் கணக்கு சற்று மாறலாம். கையெழுத்து வாங்க வேண்டியவர்கள் அதே ஆறு பேர்தான். ஒரு டயரியை நான்காகக் கிழித்துப் பங்கு போட முடியாது என்பதால், ஆறு பேரும் ஒரே தாளில் சம்மதக் கடிதம் எழுதி, உங்களையோ வேறொருவரையோ பேச்சுவார்த்தைக்கு நியமிப்பது நல்லது. ஒருவர் மறுத்தாலும் ஒழுங்கான ஆவணக் காப்பகம் எதுவும் பெட்டியைத் தொடாது. தொட்டால் அந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள்.

சின்ன அத்தை விஷயத்திலும் இது உதவும். இதுவரை அவரை யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் அவருடைய அழுகையில் பாதி என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது பட்டது. "அத்தே, உங்க கையெழுத்து இல்லாம ஒரு தாளும் நகராது" என்று சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்.

உங்கள் குடும்பத்துக்கே சொந்தமில்லாதவை

பெட்டியில் இருப்பதெல்லாம் தாத்தாவுடையது என்று கொள்ளாதீர்கள். அரசு முத்திரையுள்ள அடங்கல், சிட்டா, பிறப்பு இறப்புப் பதிவேடு போன்றவை கர்ணம் என்ற பதவியின் வழி அவர் கைக்கு வந்தவை. அந்தக் காலத்தில் கர்ணத்தின் வீடுதான் அலுவலகம். பொறுப்பை ஒப்படைத்த அவசரத்தில் பல வீடுகளில் இப்படிச் சில புத்தகங்கள் தங்கிப்போயின. அவற்றை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ உங்களுக்கு உரிமையில்லை. போலீஸ் வருமோ என்று பயப்பட வேண்டாம். தெரிந்த பிறகும் ஒளித்துவைப்பதும் விலைபேசுவதும்தான் சிக்கலில் மாட்டும். பட்டியல் போட்டு, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, வட்டாட்சியருக்குக் கடிதத்துடன் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பழமையான தொகுதிகளை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற கோரிக்கையையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். தாலுக்கா அலுவலக அலமாரியின் கதி உங்களுக்கே தெரியும்.

அடமானப் பத்திரங்கள் வேறு ரகம். கடன் தீர்ந்தபோது திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய மூலப்பத்திரம் உங்கள் பெட்டியில் கிடக்கிறது என்றால், ஊரில் ஒரு குடும்பம் அதைத் தேடி அலைந்திருக்கலாம். அந்தக் குடும்பங்கள் இன்னும் ஊரில் இருந்தால் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள், எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொண்டு. யாரென்று தெரியாதவற்றைக் காப்பகத்துக்குக் கொடுக்கும்போது 'பிறர் உரிமைக்கு உட்பட்டது' என்று பட்டியலில் குறியுங்கள்.

உங்கள் சொந்த நிலம், வீடு பற்றிய மூலப்பத்திரங்களில் இன்றும் உயிரோடு இருப்பவற்றைப் பிரித்து வையுங்கள். தாத்தா விற்றுத் தீர்த்த நிலத்தின் பத்திரம் சரித்திரம். நீங்கள் இன்னும் வரி கட்டும் நிலத்தின் பத்திரம் சொத்து. அதன் நகல் மட்டும் காப்பகத்துக்குப் போகட்டும்.

எரிப்பதைப் பற்றி

டயரியை எரிப்பது குற்றமா என்று மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒருமனதாகத் தங்கள் குடும்ப டயரியை அழித்தால் அதைத் தடுக்கும் சட்டம் எதையும் காட்ட முடியாது. ஒருவர் மட்டும் மற்றவர்களைக் கேட்காமல் எரித்தால் அது கூட்டுச் சொத்தை அழித்ததாகும். சட்டம் அவ்வளவுதான். ஆனால் நீங்கள் எழுதிய விவரங்களைப் படித்த பிறகு, வழக்கறிஞராக மட்டும் நின்று பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், இருந்தவர். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரிடம் என்ன கோள் சொன்னார்கள் என்று எல்லாம் அதில் உண்டு. அவர் இறந்து 85 ஆண்டுகள் கழித்து, 1846இல்தான் அது வெளியாருக்குத் தெரியவந்தது. 1904 முதல் 1928 வரை சென்னை அரசு அதை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. அந்தக் காலப் புதுச்சேரியைப் பற்றி எழுதும் எவரும் இன்று அதைத் தொடாமல் போக முடியாது. அந்த 85 ஆண்டுகளில் குடும்பத்தில் ஒருவர், பெரியவர் மற்றவர்களைப் பற்றி இப்படியெல்லாம் எழுதியிருக்கிறாரே என்று வெட்கப்பட்டு அடுப்பில் போட்டிருந்தால் கேட்பார் இல்லை.

உங்கள் தாத்தா பிள்ளைவாளுக்கு நிகரா என்று கேட்கலாம். டயரி எப்படியோ, எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நீங்கள் 'சும்மா கூலிக் கணக்கு' என்று ஒரே வரியில் தள்ளிவிட்ட பண்ணைப் பேரேடுகள். 1946 தொடங்கி இருக்கின்றன என்கிறீர்கள். 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன் ஒரு பண்ணையாளுக்கு நாள் ஒன்றுக்கு எவ்வளவு நெல், பின் எவ்வளவு, சட்டம் காகிதத்தோடு நின்றதா, களத்துமேட்டுக்கு வந்ததா என்பதை உங்கள் ஊர் அளவில் சொல்லக்கூடிய சாட்சி அந்தப் பேரேடுதான். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் இந்த நெல்கூலித் தகராறே. அந்தக் கணக்கில் வரும் பெயர்களைப் பாருங்கள். அந்த மனிதர்களுக்கு டயரி இல்லை, போட்டோ இல்லை, பத்திரம் இல்லை. அவர்கள் இருந்தார்கள், உழைத்தார்கள், இவ்வளவு கடன்பட்டார்கள் என்பதற்கு ஊரிலேயே எஞ்சியிருக்கும் ஒரே எழுத்து உங்கள் பரணில் இருக்கலாம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் யாராவது ஒருநாள் தேடி வருவார்கள்.

பஞ்சாயத்துத் தீர்ப்பு நோட்டும் அப்படித்தான். சாதிப் பெயர் சொல்லி அபராதம் போட்டது, தெருவில் நுழைந்ததற்குத் தண்டனை கொடுத்தது எல்லாம் இருக்கிறது, படிக்கவே கூசுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூச்சம் நல்லது. ஆனால் அந்த நோட்டை அழித்தால் துடைத்துப்போவது தண்டித்தவர்களின் தடயம்; தண்டனை அனுபவித்தவர்களுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. இப்படிப்பட்ட ஊர்த் தீர்ப்புகளையும் குடும்பங்களிடம் இருந்த வேளாண் கணக்குகளையும் தேடிப் படியெடுக்க, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் தனியாகவே வேலை செய்திருக்கிறது.

இனி சின்ன அத்தை. அவர் உயிரோடு இருக்கும்போது அவருடைய வாழ்க்கை அடுத்தவர் ஆய்வுக்குப் பொருளாகக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு நெருப்பு வேண்டாம், பூட்டு போதும். எந்தெந்த வருட டயரிகள் என்று அவரையே கேளுங்கள். அவற்றைத் தனி உறையில் வைத்து அரக்கு வைத்து மூடி, 'இன்னாரின் வாழ்நாள் வரையிலும் அதற்குப் பின் 20 ஆண்டுகளும் திறக்கக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். 20 என்பதை 30 ஆக்குங்கள் என்று அவர் சொன்னால் ஆக்குங்கள். என்றென்றைக்கும் திறக்கவே கூடாது என்றால் மட்டும் எந்தக் காப்பகமும் ஏற்காது. யாரும் பார்க்கவே முடியாத பெட்டிக்கு அவர்கள் ஏன் இடமும் குளிர்சாதனமும் கொடுக்க வேண்டும்?

டயரியில் ஊராரைப் பற்றி எழுதியிருப்பதற்காக உங்கள் மேல் வழக்கு வருமா என்றும் கேட்டீர்கள். இறந்தவரைப் பற்றிய அவதூறும், அவருடைய குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு வெளியிட்டால், குற்றமாகலாம். பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய பாரதிய நியாய சம்ஹிதாவிலும் இருக்கிறது. மூடிய நிபந்தனையோடு காப்பகத்தில் வைப்பது அப்படிப்பட்ட வெளியீடு ஆகாது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவதுதான் வம்பு. தம்பியிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

காகிதம் ஒருவருக்கு, எழுத்து இன்னொருவருக்கு

தமிழறிஞரின் கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போடலாம் என்று தம்பி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத் தாள் உங்களுடையது. அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது, அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுடையது. அவருடைய படைப்புகளை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது என்று சொல்லிச் சிலர் தைரியம் கொடுப்பார்கள். அந்த ஆணை கடிதங்களையும் சேர்த்ததா என்று பார்க்காமல் அச்சுக்குப் போகாதீர்கள்.

தாத்தாவின் டயரிக்கும் ஊர்ச் சரித்திர நோட்டுக்கும் உரிமை உங்கள் ஆறு பேரிடம். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் என்பது பொது விதி. அதனால் 2047 முடிய என்று பலர் கணக்கிடுவார்கள். ஆசிரியர் வாழ்நாளில் வெளிவராத எழுத்துக்கு விதி வேறு: முதல்முறை வெளியிட்ட பிறகுதான் 60 ஆண்டுக் கணக்கு ஓடத் தொடங்கும். ஆகவே நோட்டை நீங்கள் அடுத்த ஆண்டு பதிப்பித்தால் உங்கள் பிள்ளைகள் காலத்திலும் உரிமை இருக்கும். ஸ்டூடியோவில் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட பழைய படங்களுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர்.

இப்போது அந்த அரைப்பக்கப் படிவம். 'அனைத்து உரிமைகளுடன் வழங்குகிறேன்' என்று ஒரு வரி இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடாதீர்கள். கெட்ட எண்ணத்தில் அனுப்பினார்கள் என்று நான் நினைக்கவில்லை; பானை, சிலை வாங்கும்போது பயன்படுத்தும் படிவத்தையே காகிதத்துக்கும் நீட்டியிருக்கிறார்கள். காகிதத்தைக் கொடுத்தாலே பதிப்புரிமை போய்விடாது, அதற்குத் தனியாக எழுத்து வேண்டும். உங்கள் பக்கத்துக்கு நல்லது, உரிமையைக் குடும்பமே வைத்துக்கொண்டு, ஆய்வுக்குப் படிக்கவும் மேற்கோள் காட்டவும் படியெடுத்துப் பாதுகாக்கவும் காப்பகத்துக்கு எழுத்துமூலம் அனுமதி கொடுப்பது.

கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியுமா?

நன்கொடையாகக் கொடுத்தால் முடியாது. 'நான் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறுவேன்' என்று நிபந்தனை போட்ட நன்கொடையே செல்லாது என்கிறது சொத்து மாற்றச் சட்டத்தின் 126ஆவது பிரிவு. உங்கள் விருப்பத்தைச் சாராத ஒரு நிகழ்வை நிபந்தனையாக வைக்கலாம்: நிறுவனம் மூடப்பட்டால், தொகுப்பை விற்க முற்பட்டால் என்பதுபோல. திரும்பப் பெறும் உரிமை கட்டாயம் வேண்டும் என்றால், அது நன்கொடையல்ல, பாதுகாப்புக்காக ஒப்படைத்தல். சொந்தம் உங்களுடையதாகவே இருக்கும், அவர்கள் காவலர்கள் மட்டும். ஆனால் நாளைக்கே பிடுங்கிக்கொண்டு போகக்கூடிய பெட்டிக்கு எந்த நிறுவனமும் பழுதுபார்க்கவும் அட்டவணை போடவும் தாராளமாகச் செலவழிக்காது. பத்தாண்டு ஒப்படைப்பு, அதன் பின் ஒருவரும் எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால் நன்கொடை என்ற நடுவழி உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. அத்தைக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

எது என்று தெளிவாக எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தில்லியில் ஓர் உதாரணம் உண்டு. தீன்மூர்த்தி பவனில் இருந்த நேரு நினைவு அருங்காட்சியகம், நூலகத்தில் வைக்கப்பட்டிருந்த நேருவின் தாள்களில் 51 பெட்டிகள் 2008இல் சோனியா காந்தி தரப்புக்குத் திரும்பிச் சென்றன. இன்று பிரதமர்கள் அருங்காட்சியகம் என்று பெயர் மாறியிருக்கும் அந்த நிறுவனம் அவற்றைக் கேட்கிறது. கொடுத்தது நன்கொடையா, பாதுகாக்க வைத்ததா என்பதில் ஆளுக்கொரு பேச்சு. அரசியலை விட்டுவிடுங்கள், நாட்டின் முதல் பிரதமர் வீட்டுக் காகிதத்துக்கே இந்தக் கதி என்றால், கர்ணம் வீட்டுக் காகிதத்துக்கு இரண்டு பக்கம் ஒழுங்காக எழுதிக்கொள்வதில் தப்பில்லை.

அந்த இரண்டு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்?

- கட்டு வாரியாக எண்ணிட்ட பட்டியல். இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து.
- நன்கொடையா, ஒப்படைப்பா, எத்தனை ஆண்டு.
- மூடிவைக்கும் உறைகள் எவை, எந்தத் தேதிவரை. அதுவரை ஸ்கேனும் கூடாது என்ற வரி.
- பதிப்புரிமை யாரிடம், காப்பகத்துக்கு என்ன அனுமதி, இணையத்தில் போடலாமா.
- தொகுப்பைப் பிரிக்கக் கூடாது. வேண்டாதவற்றைக் கழிப்பதானால் முதலில் குடும்பத்தைக் கேட்க வேண்டும்.
- குடும்பத்தாருக்கு இலவச டிஜிட்டல் படி. ஊர்க்காரர்கள், பேரேட்டில் பெயர் உள்ளவர்களின் வழிவந்தவர்கள் கட்டணமின்றிப் பார்க்க வழி.

கடைசி நிபந்தனையை யாரும் வழக்கமாகக் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

மூவரில் யார்?

வியாபாரியை முதலில் தள்ளிவிடலாம். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படியோ ஆவணமோ 75 ஆண்டுகளைத் தாண்டினால் அது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்யக் கூடாது. உரிமம் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், அதற்குமேல் போன் வராது. அவர் பொறுக்கி எடுப்பது ஓலையும் முத்திரைத்தாளும் படமும். மிஞ்சுவது எதனோடும் ஒட்டாத குப்பையாகிவிடும். இன்ன கடிதம் இன்ன கணக்கோடு ஒரே கட்டில் கிடந்தது என்பதே ஒரு செய்தி. நீதிமன்றப் பார்வையிலும் அப்படித்தான்: 30 ஆண்டு பழைய ஆவணம் உரிய காவலிலிருந்து வந்தால் அதை உண்மையானது என்று அனுமானிக்கச் சட்டம் இடம் தருகிறது. கடைவீதி சுற்றி வந்த காகிதத்துக்கு அந்தச் சலுகை கிடைப்பது கடினம்.

அமெரிக்க ஆய்வாளர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் தொல்பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதத்திலிருந்து மூன்றாண்டுவரை சிறை. ஓலைகள் நிச்சயம் அந்த வரம்புக்குள் வரும், டயரிகளும் ஒவ்வொன்றாக 75ஐக் கடந்துகொண்டிருக்கின்றன. அவர் இங்கே வந்து படிக்கட்டும், படியெடுக்க நிதி கிடைத்தால் கொண்டுவரட்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த பெரும் நூல் தொகுப்பை அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கியும் கப்பல் ஏற்றவில்லை. 1994இல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். உங்கள் ஆய்வாளருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும்.

ஆக, என் கை அருங்காட்சியகத்தின் பக்கம், படிவத்தை மாற்றி எழுத அவர்கள் ஒப்புக்கொண்டால். நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: காகிதத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் வேலையில் இருக்கிறாரா? இதற்குமுன் வாங்கிய குடும்பத் தொகுப்பு ஒன்றின் பட்டியலைக் காட்ட முடியுமா? படிக்க வருபவர்களுக்கு என்ன விதி? மழுப்பினால் ரோஜா முத்தையா நூலகம், பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், ஓலைகளுக்கு மட்டும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் என்று வேறு கதவுகள் உண்டு. அந்தச் சுவடிகள் நூலகத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆட்களை அனுப்பி ஊர் ஊராகத் திரட்டிய சரித்திரக் குறிப்புகளின் ஒரு பகுதி இருக்கிறது. ஊர்க் கணக்கர்களிடம் கேட்டு வாங்கியவையும் அவற்றில் அடக்கம். உங்கள் தாத்தா யாரும் கேட்காமலே எழுதி வைத்திருக்கிறார்.

வீட்டைக் காலி செய்யும் முன்

ஸ்கேன் செய்துவிட்டுக் காகிதத்தைக் கழிப்பது வேண்டாம். பத்து வருஷத்துக்கு முந்தைய உங்கள் பழைய போனில் இருந்த படங்கள் இப்போது எங்கே என்று யோசித்தாலே போதும். பேரேட்டில் எந்த வரி பின்னாளில் வேறு மையில் திருத்தப்பட்டது என்பதெல்லாம் மூலத்தில்தான் தெரியும்.

பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். செய்யாதீர்கள். தாத்தா கட்டிய கட்டு அப்படியே இருக்கட்டும். கட்டை எடுக்குமுன் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எண் எழுதிச் செருகுங்கள், காகிதத்தின் மேல் எழுதாதீர்கள். செலோடேப், லேமினேஷன் இரண்டும் பரம எதிரிகள். துருப்பிடித்த குண்டூசியை இழுத்துப் பிடுங்காதீர்கள். ஈரம் பட்டவற்றை நிழலில் காற்றாட வையுங்கள், மொட்டைமாடி வெயிலில் வேண்டாம். ஓலைகளுக்கு எண்ணெய் தடவும் வேலையைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். கரையான் உள்ள பெட்டியை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

பெரியப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, போட்டோக்களில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டு போனில் பதிவு செய்யுங்கள். இதை ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. விற்பனை ஒப்பந்தத்தின் நகலை அனுப்பியிருந்தீர்கள். 'வீடும் அதிலுள்ள சகல தளவாடங்களும்' என்று அதில் எழுதியிருக்கிறது. பத்திரப் பதிவுக்குமுன் பெட்டிகளை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். கிரயப் பத்திரத்தில், பரணிலும் பெட்டிகளிலும் உள்ள ஏடுகள், காகிதங்கள், படங்கள் இந்த விற்பனையில் சேராது என்று ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லுங்கள். வாங்குபவர் ஆட்சேபிக்கமாட்டார். ஆட்சேபித்தால் எனக்கு உடனே எழுதுங்கள்.